பழைய கேமராவும் புதிய லேப்டாப்பும் – தங்கவயலில் கற்ற பாடம்



சென்ற பொங்கல் விழாவில் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பர் ஒருவர், "வீட்டில் பழைய ஹேண்டிகேம் ஒன்று கிடக்கிறது. ஒரு பை நிறையக் கேசட் இருக்கிறது. புது லேப்டாப்பில் அதைச் செருக ஓட்டையே இல்லையே, என்ன செய்வது?" என்று கேட்டார். நான் பதில் சொல்லத் தொடங்கினேன். இலையில் பாயசம் விழுவதற்குள் எதிர் வரிசையிலிருந்து இன்னும் இரண்டு பேர் அதே கேள்வியோடு சேர்ந்துகொண்டார்கள். மலர்க் குழுவினர், "இதையே எழுதிக் கொடுங்கள்" என்றார்கள். அதன் விளைவே இக்கட்டுரை.

நான் இத்துறையில் நிபுணன் அல்லன். பொங்கலுக்கு முந்திய டிசம்பரில் கோலார் தங்கவயலில் என் அம்மாவின் வீட்டில் ஒரு வாரம் உட்கார்ந்து, இரண்டு கேமராக்களோடு மல்லுக்கட்டிக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே சொல்கிறேன். நான் செய்த தவறுகளையும் சேர்த்தே சொல்கிறேன்; அவற்றை நீங்கள் மறுபடியும் செய்யவேண்டியதில்லை.

கேசட்டில் இருந்தது என்ன?

தங்கவயலைப் பற்றி அறியாதவர்களுக்காகச் சில வரிகள். பெங்களூரிலிருந்து கிழக்கே சுமார் 100 கிலோமீட்டரில் இருக்கிறது எங்கள் ஊர். 1880-களில் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்கே தங்கச் சுரங்கம் தோண்டத் தொடங்கினார்கள். வட ஆற்காடு, சேலம், சித்தூர் பக்கங்களிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் கூட்டம் கூட்டமாக வேலைக்கு வந்தன. 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்த ஊர் அது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழமானது. பிறகு மைசூர் அரசு, மத்திய அரசு என்று கைமாறி, 1972-இல் பாரத் கோல்டு மைன்ஸ் என்று பெயர் பெற்று, 2001 பிப்ரவரி 28-ஆம் தேதியோடு சுரங்கம் மூடப்பட்டது.

என் தாத்தாவும் அந்தச் சுரங்கத்தில் இறங்கியவர், நைனாவும் இறங்கியவர். எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். நாங்கள் பிள்ளைகள் மூவரும் பெங்களூர், துபாய், அமெரிக்கா என்று பிரிந்துவிட்டோம். தாத்தா ஊரை விட்டு வந்தது சுரங்கத்துக்காக. நாங்கள் ஊரை விட்டது சுரங்கம் இல்லாமல் போனதற்காக. இரண்டுமே பிழைப்புத்தான்.

துபாயிலிருந்த அக்காவும் மாமாவும் 1998 பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது, அங்கே வாங்கிய ஹை-8 கேமரா ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அப்போது நைனா வேலையில் இருந்தார். லைன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, சுரங்கத்துக்குள் எப்படி இறங்குவார்கள் என்று அக்கா மகனுக்கு அவர் விளக்குவதை மாமா படம் பிடித்தார். பிறகு 2003-இல் நான் அமெரிக்காவிலிருந்து மினி டி.வி. கேமரா ஒன்றை எடுத்துக்கொண்டு போயிருந்தேன். சுரங்கம் மூடி இரண்டு ஆண்டு ஆகியிருந்தது. நைனாவும் நானும் சயனைடு மண் மேடு வரையில் நடந்ததைப் பதிவு செய்தேன். 2009-இல் நைனா காலமானார். அவருடைய குரல் இந்த இரண்டு கேசட்டைத் தவிர வேறெங்கும் இல்லை.

அம்மாவுக்கு வயது 80 ஆகப்போகிறது. "உங்க நைனா பேசுறதை ஒரு தடவை கேக்கணும்பா" என்று தொலைபேசியில் சொல்லிக்கொண்டே இருந்தார். அடுத்த முறை, அடுத்த முறை என்று நானும் தள்ளிக்கொண்டே வந்தேன். நம்மில் பலருடைய கதையும் இதுதான்.

கேசட்டைக் காப்பாற்றினோம், கேமராவை மறந்தோம்

அம்மா கேசட்டுகளைப் பட்டுப்புடவையோடு இரும்பு பீரோவில் வைத்திருந்தார். ஆனால் மாமாவின் கேமரா பரணில் கிடந்தது. அதன் அடாப்டர் பழைய சாமான்காரரிடம் போயே விட்டது. கேமராவும் போயிருக்கவேண்டியதுதான், அக்கா தடுத்ததால் தப்பியது.

இக்கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்: லேப்டாப் எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும்; அந்தக் கேசட்டை ஓட்டும் கேமராதான் கிடைக்காது. உலகில் கடைசியாக வி.சி.ஆர். தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம்கூட 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. ஹை-8, மினி டி.வி. கேமராக்கள் தயாரிப்பு நின்று வெகு காலமாகிறது. ஓடுகிற கேமரா இல்லாத கேசட், சாவி தொலைந்த பெட்டி போல. எனவே பழுதாகியிருந்தாலும் கேமராவை வீசிவிடாதீர்கள்.

எந்தக் கேசட் என்று முதலில் பாருங்கள்

பெரும்பாலான குழப்பத்துக்குக் காரணம், எல்லாக் கேமராக்களும் ஒரே வகை என்று நினைப்பதுதான். கேசட்டின் மேல் அச்சிட்டிருப்பதைப் படித்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

வீடியோ-8, ஹை-8 என்று போட்டிருந்தால் அது அனலாக் வகை. 8 மில்லிமீட்டர் அகல நாடா. வி.எச்.எஸ்.-சி என்று போட்டிருந்தால் அதுவும் அனலாக்தான். ஆனால் அதை ஒரு கூட்டுக்குள் வைத்துச் சாதாரண வி.சி.ஆரில் ஓட்டலாம். 8 மில்லிமீட்டர் கேசட்டுக்கு அப்படிப்பட்ட கூடு கிடையாது. சிலர் தேடி அலைகிறார்கள், அலையவேண்டாம்.

மினி டி.வி. என்று போட்டிருக்கும் சின்னஞ்சிறு கேசட் டிஜிட்டல் வகை. 1995 முதல் வந்தது. அதில் படம் ஏற்கனவே கணிப்பொறிக்குப் புரியும் எண்களாகவே பதிந்திருக்கிறது. 1999-இல் சோனி கொண்டுவந்த டிஜிட்டல்-8 என்ற வகையும் உண்டு. அந்தக் கேமராக்களில் சில மாடல்கள் பழைய ஹை-8 கேசட்டையும் ஓட்டி, டிஜிட்டலாகவே வெளியே தரும். உறவினர் யாரிடமாவது அது இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம்.

அடுத்து, பால், என்.டி.எஸ்.சி. என்ற இரண்டு முறைகள். வெளிநாட்டில் இருக்கும் நமக்குத்தான் இதில் சிக்கல் அதிகம். இந்தியா, இலங்கை, வளைகுடா நாடுகள், சிங்கப்பூர், ஆஸ்திரேலியா ஆகியவை பால் முறை. அதில் வினாடிக்கு 25 படங்கள். அமெரிக்கா, கனடா, ஜப்பான் என்.டி.எஸ்.சி. முறை; வினாடிக்கு ஏறத்தாழ 30 படங்கள். ஒரு முறையில் பதிந்த கேசட்டை மற்ற முறைக் கேமராவில் போட்டால் படம் சரியாக வராது. துபாயில் எடுத்த ஹை-8 கேசட்டை அமெரிக்க நண்பரின் ஹை-8 கேமராவில் ஓட்டிப் பார்த்து, 'கேசட் கெட்டுப்போய்விட்டது' என்று யாரும் முடிவு கட்டிவிடாதீர்கள். கேசட் மேல் பி5 என்று தொடங்கும் எண் இருந்தால் அது பால் நாடுகளில் விற்றது. பி6 என்றிருந்தால் என்.டி.எஸ்.சி. நாடுகளில் விற்றது. எந்த நாட்டில் வாங்கிய கேமராவில் பதிந்தீர்கள் என்பதே முடிவான அடையாளம்.

ஓட்டுவதற்கு முன்

முதலில் மின்சாரம். இருபது ஆண்டு பழைய பேட்டரி உயிரோடு இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. அடாப்டரிலேயே ஓட்டுங்கள். அடாப்டர் தொலைந்திருந்தால், கேமராவின் அடிப்பக்கத்தில் எழுதியிருக்கும் வோல்ட் அளவைக் குறித்துக்கொண்டு அதே அளவில் வாங்குங்கள். செருகும் முனை பொருந்துகிறது என்பதற்காக வேறு வோல்ட் அடாப்டரை மாட்டினால் கேமரா புகைந்துவிடும். நான் இதற்காக மாரிக்குப்பத்தில் காலை ரயிலேறி, பெங்களூருக்கு வேலைக்குப் போகும் நம் ஊர்ப் பிள்ளைகளோடு நின்றுகொண்டே பயணம் செய்து, எஸ்.பி. ரோட்டில் ஏறி இறங்கி ஒரு வழியாக வாங்கி வந்தேன்.

இரண்டாவது, கேசட்டின் சிறு ஜன்னல் வழியே நாடாவைப் பாருங்கள். வெள்ளைப் பொடி போலவோ நூல் போலவோ தெரிந்தால் அது பூஞ்சை. அதை ஓட்டாதீர்கள். பூஞ்சை கேமராவின் ஹெட்டில் ஒட்டி, அடுத்து போடும் நல்ல கேசட்டையும் கெடுத்துவிடும். அத்தகைய கேசட்டைத் தனியே எடுத்து வைத்து, நாடாவைச் சுத்தம் செய்யத் தெரிந்தவர்களிடம் கொடுங்கள். எங்கள் வீட்டுக் கேசட்டுகளில் ஒன்று அப்படித்தான் இன்னும் தனியே இருக்கிறது.

மூன்றாவது, நல்ல கேசட்டாக இருந்தாலும் முதலில் ஒரு தடவை கடைசி வரை ஓடவிட்டுத் திருப்பிச் சுற்றுங்கள். பல ஆண்டுகள் ஒட்டிக் கிடந்த நாடா அதனால் தளரும்.

நான்காவது மிக முக்கியம். ஒவ்வொரு கேசட்டின் முதுகிலும் மறுபதிவைத் தடுக்கும் ஒரு சிறு தள்ளுவிசை இருக்கும். கேமராவில் போடும் முன்பே அதைத் தடுக்கும் பக்கம் தள்ளிவிடுங்கள். நான் தள்ளவில்லை. கேமராவின் பட்டனைத் தவறான பக்கம் திருப்பி, ஓடுகிறதா என்று பார்க்கும் அவசரத்தில் சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டேன். சில வினாடிதான், உடனே நிறுத்திவிட்டேன். பிறகு ஓட்டிப் பார்த்தபோது, தன்னோடு ஒரே கூண்டில் இறங்கும் நான்கு பேரின் பெயரை நைனா விரல் விட்டுச் சொல்லிக்கொண்டு வருகிறார். மூன்று பெயர் வருகிறது. அடுத்து ஆறு வினாடிக்கு எங்கள் வீட்டுச் சுவரும் காலண்டரும் தெரிகின்றன. நான்காவது பெயர் போய்விட்டது. அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

முதல் வழி: ஹை-8 போன்ற அனலாக் கேமரா

இதற்கு வேண்டியது வீடியோ கேப்சர் என்ற சிறு கருவி. ஒரு முனை லேப்டாப்பின் யு.எஸ்.பி. துளையில் போகும். மறு முனையில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்ற மூன்று துளைகள் இருக்கும். மஞ்சள் படத்துக்கு, வெள்ளையும் சிவப்பும் ஒலிக்கு. உங்கள் லேப்டாப்பில் யு.எஸ்.பி.-சி என்ற சிறிய துளை மட்டுமே இருந்தால், அதற்கான சாதாரண மாற்று முனை ஒன்றை இடையில் போட்டால் போதும்.

கேமராவில் எஸ்-வீடியோ என்ற வட்டத் துளை இருந்தால், மஞ்சள் ஒயருக்குப் பதில் அதைப் பயன்படுத்துங்கள். அது வெளிச்சத்தையும் நிறத்தையும் தனித்தனியே அனுப்புவதால் படம் தெளிவாக இருக்கும். ஆனால் எஸ்-வீடியோவில் ஒலி போகாது. வெள்ளை, சிவப்பு ஒயர்களையும் சேர்த்தே மாட்டவேண்டும்.

கேமராவோடு வந்த ஏ.வி. ஒயர் தொலைந்துவிட்டால், கடையில் விற்கும் ஒயரை வாங்கும்போது கவனம் தேவை. பார்வைக்கு ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளே இணைப்பு வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். படத்துக்குப் பதில் இரைச்சல் வந்தால் பயப்படாதீர்கள். மஞ்சள் இருக்கும் இடத்தில் சிவப்பு முனையைச் செருகிப் பாருங்கள். பல சமயம் படம் அதில் வரும்.

லேப்டாப்பில் பதிவு செய்ய ஓ.பி.எஸ். ஸ்டூடியோ, வர்ச்சுவல் டப் போன்ற இலவச மென்பொருள்கள் உண்டு. கேமராவில் ஓட்ட ஓட்ட லேப்டாப்பில் பதிவாகும். ஒரு மணி நேரக் கேசட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகும். இதில் குறுக்கு வழி கிடையாது.

முதல் நாள் எனக்குப் படம் கறுப்பு வெள்ளையாக, மேலும் கீழுமாக உருண்டது. கேசட் போய்விட்டது என்றே நினைத்துவிட்டேன். அம்மா ஒன்றும் சொல்லாமல் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். அரைமணி நேரம் கழித்துத்தான் உறைத்தது: நான் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த கருவி என்.டி.எஸ்.சி. என்று அமைக்கப்பட்டிருந்தது, கேசட்டோ துபாய்க் கேமராவில் பால் முறையில் பதிந்தது. மென்பொருளின் பட்டியலில் 'பால்-பி' என்பதைத் தேர்ந்தெடுத்ததும் படம் நின்றது, நிறமும் வந்தது. ஒலி வராவிட்டால், ஒலிப் பட்டியலிலும் அந்தக் கருவியையே தேர்ந்தெடுத்திருக்கிறோமா என்று பாருங்கள். லேப்டாப் தன் சொந்த மைக்கில் அறையின் சத்தத்தைப் பதிந்துகொண்டிருக்கும்.

இரண்டாம் வழி: மினி டி.வி. கேமரா

இங்கேதான் பலரும் ஏமாறுகிறோம். மினி டி.வி. கேமராவில் யு.எஸ்.பி. துளை இருக்கும். லேப்டாப்பிலும் இருக்கும். இரண்டையும் இணைத்தால் முடிந்தது என்று தோன்றும். ஆனால் பெரும்பாலான கேமராக்களில் அந்த யு.எஸ்.பி. துளை, அட்டையில் பிடித்த புகைப்படங்களை எடுக்கவும், தரம் குறைந்த படத்தை அனுப்பவும் மட்டுமே. நாடாவில் உள்ள முழுத் தரமான படம் வெளியே வரும் வழி வேறு. கேமராவில் 'டி.வி.' என்றோ 'ஐ-லிங்க்' என்றோ எழுதிய நான்கு முனைத் துளை ஒன்று இருக்கும். அதன் பொதுப் பெயர் ஃபயர்வயர். 1995-இல் தரப்படுத்தப்பட்டது. ஒரு காலத்தில் பல லேப்டாப்களில் இருந்தது. இப்போது வரும் லேப்டாப்களில் இல்லை.

நானும் இணையத்தில் தேடி, ஒரு முனை யு.எஸ்.பி., மறு முனை ஃபயர்வயர் என்றிருந்த மலிவான கேபிள் ஒன்றை வாங்கினேன். பணம் வீண். அது வெறும் கம்பிகளை இணைத்த கேபிள். யு.எஸ்.பி.யும் ஃபயர்வயரும் பேசும் பாஷை வேறு. கன்னடம் மட்டும் தெரிந்தவரையும் தமிழ் மட்டும் தெரிந்தவரையும் நடுவில் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் ஒரே அறையில் அடைத்தால் என்ன நடக்குமோ அதுதான் நடக்கும். மின் இணைப்பு மாறிக் கேமராவே கெடவும் கூடும். அதை வாங்காதீர்கள்.

அப்படியானால் சரியான வழி என்ன? திண்ணையில் நைனா பேரனுக்குச் சொன்னதே இதற்கும் பொருந்தும். சாம்பியன் ரீஃபில் ஒரே கூண்டில் ஏறி அடிமட்டம் வரை போய்விட முடியாது. முதல் ஷாஃப்டில் ஒரு மட்டம் வரை இறங்கி, உள்ளே நடந்து, அடுத்த ஷாஃப்டுக்குப் போய், வேறு கூண்டில் ஏறி இறங்கவேண்டும். இங்கேயும் கூண்டு மாறித்தான் இறங்கவேண்டும்.

உங்கள் லேப்டாப்பின் யு.எஸ்.பி.-சி துளையின் பக்கத்தில் மின்னல் குறி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது பெரும்பாலும் தண்டர்போல்ட் வகை. ஆப்பிள் லேப்டாப்பில் அதிலிருந்து தண்டர்போல்ட் 2-க்கு ஒரு மாற்று முனை, அங்கிருந்து ஃபயர்வயருக்கு இன்னொரு மாற்று முனை, பிறகு கேமராவின் நான்கு முனைக் கேபிள் என்று சங்கிலியாக மாட்டலாம். ஆனால் இதிலும் ஒரு கதவு மூடிவிட்டது. 2025-இல் வந்த மேக் ஓ.எஸ். 26 பதிப்பில் ஃபயர்வயர் ஆதரவை ஆப்பிள் நீக்கிவிட்டது. அதற்கு முந்திய பதிப்பில் இருக்கும் மேக் இருந்தால், இந்த வேலை முடியும்வரை அதைப் புதுப்பிக்காதீர்கள். தண்டர்போல்ட் அல்லாத சாதாரண யு.எஸ்.பி.-சி துளையில் இந்தச் சங்கிலி வேலை செய்யாது.

என் லேப்டாப்பில் மின்னல் குறி இல்லை. பிறகு என்ன செய்தேன்? புதிய லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு, பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் தேடிப் போனேன். 2000-த்தை ஒட்டிய ஆண்டுகளில் நம் ஊர்களில் கல்யாண வீடியோ எடுத்தவர்கள் பலர் மினி டி.வி. கேசட்டில்தான் எடுத்தார்கள், எடிட் செய்யும் கம்ப்யூட்டரில் ஃபயர்வயர் அட்டை போட்டிருந்தார்கள். ராபர்ட்சன்பேட்டையில் விசாரித்ததில், தொழிலை விட்டுவிட்ட ஒருவரிடம் அப்படிப்பட்ட கம்ப்யூட்டர் துணி போட்டு மூடி வைத்திருந்தது. "ஓடுமா தெரியல சார், ஆனா வாங்க" என்றார். ஓடியது. அவருடைய தந்தையும் சுரங்கத்தில் இருந்தவர். பணம் வாங்க மறுத்துவிட்டார்.

விண்டோஸ் கம்ப்யூட்டருக்கு வின் டி.வி. என்ற சிறு இலவச மென்பொருளும், லினக்ஸுக்கு டி.வி.கிராப் என்பதும் போதும். கேமராவையும் கம்ப்யூட்டரையும் நிறுத்தி வைத்த நிலையில் கேபிளைச் செருகிவிட்டுப் பிறகு இயக்குங்கள். கம்ப்யூட்டர் பக்கத்து ஆறு முனைத் துளையில் மின்சாரமும் வரும்; முனையைத் தலைகீழாக அழுத்திவிட்டால் கேமராவின் துளை எரிந்துவிடும். இந்த வழியில் பால், என்.டி.எஸ்.சி. தொல்லையும் இல்லை. எண்கள் அப்படியே நகலாவதால் தரம் துளியும் குறையாது. ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜி.பி. இடம் வேண்டும்.

பென் டிரைவில் கொண்டுவரும்போது ஒரு சிறு சிக்கல் வரலாம். பென் டிரைவ் ஃபேட்-32 முறையில் இருந்தால் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது. என்.டி.எஃப்.எஸ். முறைக்கு மாற்றிக்கொண்டு போங்கள்.

பழைய கம்ப்யூட்டரும் கிடைக்கவில்லை என்றால்? மினி டி.வி. கேமராவையும் மஞ்சள் ஒயர் வழியாக, முதல் வழியில் சொன்னபடியே பதிந்துகொள்ளலாம். தரம் சற்றுக் குறையும். ஆனாலும் ஒன்றுமே இல்லாமல் போவதைவிட அது மேல்.

பதிந்த பிறகு

முதலில் வந்த பெரிய கோப்பை அழிக்காமல் வையுங்கள். அதுதான் மூலம். உறவினர்களுக்கு அனுப்ப எம்.பி.4 என்ற சிறிய நகலைத் தனியே செய்துகொள்ளுங்கள். ஆள் நகரும்போது விளிம்பில் சீப்புப் பல் போலக் கோடுகள் தெரிந்தால் அது பழுதல்ல. பழைய முறையில் ஒவ்வொரு படமும் ஒற்றை வரிகள், இரட்டை வரிகள் என்று இரண்டு பாதியாகப் பதிவாகும். டீ-இன்டர்லேஸ் என்ற வசதியை நகலில் மட்டும் பயன்படுத்திக் கோடுகளை நீக்கலாம்.

இரண்டு ஹார்ட் டிஸ்கில் வையுங்கள். இரண்டும் ஒரே வீட்டில் இருக்கவேண்டாம். எங்கள் வீட்டில் ஒன்று அக்காவிடம், ஒன்று என்னிடம். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது ஆண்டு, மாதம், ஊர், ஆட்கள் என்ற வரிசையில் வையுங்கள். வேலை முடிந்தாலும் கேசட்டுகளைத் தூக்கி எறியாதீர்கள்.

கடைசியாக ஒன்று. பதிந்ததை வீட்டுப் பெரியவர்களோடு உட்கார்ந்து பாருங்கள். பக்கத்தில் ஒரு நோட்டும் பேனாவும் வைத்துக்கொள்ளுங்கள். இது யார், அது எந்த வீடு என்று அவர்கள் சொல்வதை எழுதுங்கள். எந்தக் கேபிளும் அதைக் கொண்டுவராது.

ஊரை விட்டுப் புறப்படுவதற்கு முதல் நாள் மாலை, லேப்டாப்பை நடு வீட்டில் ஸ்டூல் மேல் வைத்து அம்மாவுக்கு 1998 கேசட்டைப் போட்டுக் காட்டினேன். நைனா வருவதற்கு முன்பே, திண்ணைக்குப் பின்னாலிருந்து சுரங்கத்துச் சங்கு ஊதும் சத்தம் கேட்டது. நான் அதை அதுவரை கவனிக்கவே இல்லை. அம்மா சட்டென்று தலையைத் திருப்பிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். எத்தனையோ ஆண்டுகள் அந்தச் சங்குக்குத்தான் அவர் சோறு வடித்திருக்கிறார்.

பிறகு நைனா பேசினார். பெயர்களைச் சொல்லிக்கொண்டு வந்தார். ஒன்று, இரண்டு, மூன்று. சுவரும் காலண்டரும் வந்தன. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் நான்காவது பெயரைச் சொன்னார். "எதிர் லைன்ல இருந்தாங்க. அவங்க பொண்ணு கல்யாணத்துக்கு நீ போகலையா?" என்றும் கேட்டார்.

அந்தப் பெயரை நோட்டில் எழுதிக்கொண்டேன். கோப்பின் பெயரோடும் சேர்த்துவிட்டேன். அம்மா இருந்ததால் அந்த ஆறு வினாடி திரும்பக் கிடைத்தது.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பரணில் கிடக்கும் கேமராவை இறக்கிப் பாருங்கள். அடாப்டரோடு சேர்த்து ஒரு பையில் போட்டு, பையின் மேல் பெயர் எழுதி வையுங்கள். உங்கள் கேசட்டைப் பற்றிச் சந்தேகம் இருந்தால், சங்கத்தின் அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள், சேர்ந்து பார்க்கலாம்.